நம்ம புள்ளைக்குப் பத்து வருசம் வேணும்

ஏப்ரல் 14. அண்ணலின் பிறந்த நாள். வட சென்னையில் நம் மக்கள் வாழ்கிற ஒரு பகுதி. எந்தப் பகுதி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு இடத்தின் குற்றமாக அது சுருங்கிவிடும். காலையில் மாலை போட்டாகிவிட்டது, கொடி ஏற்றியாகிவிட்டது. மத்தியானம் ரெண்டு மணிக்கு, தார் உருகுகிற வெயிலில், 12 வயதுக்கு உட்பட்டோர் கால்பந்து இறுதி ஆட்டம். பக்கத்துக்குப் பதினோரு பேர். பெரியவங்க ஆடுகிற அதே கிரவுண்டு, அதே கோல் போஸ்ட், அதே பந்து. முதல் பரிசு ரொக்கம் ஐயாயிரம், கூடவே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கோப்பை.

ஒரு பக்கத்து கோல் போஸ்ட்டில் ஒரு பொடியன் நின்றான். பத்து வயசு இருக்கும். கையைத் தூக்கி எம்பினாலும் மேல் கம்பிக்கும் அவன் விரலுக்கும் நடுவில் ஒன்றரை அடி மிச்சம். எதிர் டீம் கோச் இதைக் கண்டுபிடித்துவிட்டார். "தூக்கி அடிங்கடா, அவனுக்கு எட்டாது" என்று கத்தினார். மூணு கோல். மூணும் தலைக்கு மேலே. ஆட்டம் முடிந்ததும் பொடியனை அவனுடைய கோச்சே எல்லார் முன்னாடியும் மண்டையில் தட்டினார். "உன்னாலதான்டா போச்சு." அவன் அழுதான். அழுகிறவனை மைக்கில் கிண்டல் செய்தார்கள். மேடையில் பாபாசாகேப் படம். படத்துக்குப் பக்கத்து நாற்காலியில் நாம். கோப்பையைக் கொடுக்கும்போது நாமும் கை தட்டினோம்.

அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

"வன்கொடுமை வழக்கு நிக்குது, பஞ்சமி நிலம் போகுது, இதுல புட்பாலைப் பத்தி எழுத வந்துட்டீங்களா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சாதி என்பது உடம்பின் மேல் எழுதப்பட்ட சட்டம். எந்த உடம்பு எதைச் செய்யலாம், எத்தனை வயசில் செய்யத் தொடங்க வேண்டும், எத்தனை வயசோடு தீர்ந்துபோக வேண்டும் என்று அது முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. பண்ணையில் மாடு மேய்க்க ஏழு வயசுப் பிள்ளையை அனுப்பியவர்கள் நம் பாட்டன்மார். அந்தப் பிள்ளைக்குக் குழந்தைப் பருவம் என்று ஒன்று இருந்ததா? விளையாட்டு மைதானத்திலும் அதே கேள்விதான். நம் பிள்ளை அங்கே பிள்ளையாக இருக்கிறானா, கூலியாக இருக்கிறானா?

முதலில் அளவைப் பார்ப்போம். கோல் போஸ்ட்டின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. அந்த 24 அடி 1863இல் இங்கிலாந்தில் வளர்ந்த ஆண்கள் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட சட்டத்தில் வந்தது. நாலரை அடி உயரப் பிள்ளையை அதற்குள் நிறுத்துவதும், அப்பா செருப்பை மாட்டிவிட்டு ஓட்டப்பந்தயத்தில் விடுவதும் ஒன்றுதான். பெரிய கிரவுண்டில் 22 பிள்ளைகளை இறக்கினால் உயரமான, வேகமான நாலு பேர் பந்தை வைத்திருப்பார்கள். மற்றவர்கள் ஓடுவார்கள், அவ்வளவுதான். முழு ஆட்டத்திலும் பத்துத் தடவைகூடப் பந்தைத் தொடாத பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? நாலுக்கு நாலு பேர் சின்ன இடத்தில் ஆடினால் ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் நிமிசத்துக்கு நிமிசம் பந்து வரும். வருகிற ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அடிக்கவா, கொடுக்கவா, திரும்பவா? கால்பந்து என்பது இந்த முடிவுகள்தான். காலுக்கு முன்னால் மூளை ஆடுகிற ஆட்டம் இது.

இது நம் கற்பனை இல்லை. கால்பந்தைப் பெரிய தொழிலாக நடத்துகிற நாடுகளே இங்கேதான் வந்து நிற்கின்றன. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2012இல் விதியை மாற்றியது. 8 வயதுக்குள் ஐந்துக்கு ஐந்து, 10 வயதுக்குள் ஏழுக்கு ஏழு, 12 வயதுக்குள் ஒன்பதுக்கு ஒன்பது. அதற்கப்புறம்தான் பதினொன்று. உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற ஜெர்மனி, 2018லும் 2022லும் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அங்கே 2024-25 முதல் சின்னப் பிள்ளைகளுக்கு ரெண்டுக்கு ரெண்டு, மூணுக்கு மூணு, நாலு குட்டி கோல் போஸ்ட் என்கிற ஆட்டமுறை கட்டாயமாகிவிட்டது. அந்த வயதில் சாம்பியன் பட்டம் கிடையாது, பிள்ளைகள் கூடி ஆடுகிற விழா மட்டும்தான். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் 10 வயது வரை தலையால் பந்தை முட்டுவதைத் தடை செய்தது. வளர்கிற மூளையின் மேல் விழுகிற அடி பற்றிய அச்சம்தான் காரணம். இங்கிலாந்து 2024-25இல் தொடங்கி மூன்று பருவங்களில் 11 வயது வரையிலான ஆட்டங்களிலிருந்து தலைமுட்டை எடுத்துவிட முடிவு செய்தது.

நார்வே இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. குழந்தைகளுக்கு விளையாட்டில் உள்ள உரிமைகள் என்றே ஒரு ஆவணத்தை அந்த நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு 2007இல் ஏற்றுக்கொண்டது. 11 வயதுக்குள் புள்ளிப் பட்டியல், தரவரிசை எதுவும் கூடாது. 13 வயதுக்கு முன்னால் தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. போட்டி இல்லாமல் வளர்த்தால் பிள்ளைங்க சோம்பேறி ஆயிடும் என்கிறவர்களுக்கு ஒரு தகவல். சுமார் 55 லட்சம் பேர் வாழ்கிற அந்த நாடு, 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் வாங்கியது. வேறு எந்த நாடும் அத்தனை வாங்கவில்லை. நம் சென்னை மாநகரத்து ஜனத்தொகைகூட இல்லாத நாடு. உரிமை என்கிற சொல்லை அவர்கள் பிள்ளைகளின் விளையாட்டுக்குப் பயன்படுத்தியதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

இந்தச் சிந்தனைக்கெல்லாம் அடியில் ஒரு எளிய கருத்து இருக்கிறது. ஒரு ஆட்டக்காரர் உருவாகப் பத்து வருசமாவது பிடிக்கும். அந்தப் பத்து வருசத்தில் ஒவ்வொரு வயசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கனடாவில் இயங்கிய இஸ்த்வான் பாலி என்கிற பயிற்சியியலாளர் 1990களில் இதைக் கட்டம் கட்டமாக எழுதி வைத்தார். ஆறு வயது வரை ஓட, தாவ, உருள, எறிய விட வேண்டும். ஆறிலிருந்து ஒன்பது வரை விளையாட்டின் சந்தோசம், பந்தோடு சிநேகம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நுணுக்கம். ரெண்டு காலாலும் அடிக்க, பந்தை நிறுத்த, தலையைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொள்கிற வயசு. பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை உடம்பு விருட்டென்று வளர்கிற காலம். அந்த வளர்ச்சிக்கு ஏற்ற பயிற்சி. அதற்குப் பிறகுதான் ஜெயிப்பதற்கான பயிற்சி. அப்புறம் சாகிற வரைக்கும் ஏதாவது ஒரு ஆட்டத்தோடு உடம்பை ஆரோக்கியமாக வைத்திருப்பது. பாலி போட்ட வயசுக் கணக்கில் சிலது சரியில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். அதை வேதமாக்க வேண்டாம்; வேதங்களோடு நமக்கு ஏற்கெனவே போதுமான தகராறு இருக்கிறது. ஆனால் அடிப்படை மாறவில்லை. பத்து வயசில் ஜெயிக்க வைப்பதும் இருபது வயசில் ஆட்டக்காரராக ஆக்குவதும் ரெண்டு வேறு வேலைகள். பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று எதிரான வேலைகள்.

இப்போது நம்ம தெருவுக்கு வருவோம்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் நம் குடியிருப்புச் சந்துகளில் பாருங்கள். ரெண்டு செங்கல், இல்லையென்றால் ரெண்டு செருப்பு, அதுதான் கோல். மூணுக்கு மூணு, நாலுக்கு நாலு. புதுசா ஒரு பையன் வந்தால் ஒரு பக்கம் அஞ்சு பேர், பரவாயில்லை. சின்னவன் ஆடினால் பெரியவன் மெதுவாக அடிப்பான். ஒரு பக்கமே ஜெயித்துக்கொண்டிருந்தால் ஆளை மாற்றிக்கொள்வார்கள். கோச் கிடையாது, விசில் கிடையாது, மைக் கிடையாது. ஜெர்மனி 2024இல் காசு செலவழித்துத் திரும்ப உண்டாக்கப் பார்க்கிற ஆட்டம் இதுதானே? நம் பிள்ளைகள் தாங்களாகவே உண்டாக்கிய வகுப்பறையிலிருந்து அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய கிரவுண்டில் பதினோரு பேராக நிறுத்தி, கோப்பைக்காகத் திட்டுகிறவர்கள் நாம்.

தெருவைப் புனிதமாக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தெருவில் விளக்கு இல்லை. சாக்கடை திறந்து கிடக்கிறது. ஆட்டோ வரும், தண்ணீர் லாரி வரும். முக்கியமாக, தெருவில் பொம்பளப் புள்ளைங்க இல்லை. எட்டு வயசு வரைக்கும் கூட ஆடிக்கொண்டிருந்தவள் பத்து வயசில் குடத்தோடு நிற்கிறாள். பெண்களுக்கு வளர்ச்சி வேகம் பையன்களைவிட ஏறக்குறைய ரெண்டு வருசம் முந்தி வருகிறது. நுணுக்கம் கற்க வேண்டிய வயசு அவளுக்குச் சீக்கிரமே வந்து சீக்கிரமே போகிறது. அந்த வயசில்தான் "வயசுக்கு வரப்போற புள்ள" என்று உள்ளே இழுக்கிறோம். சாதி நம் பிள்ளையிடமிருந்து பறித்த காலத்தை, நம் மகளிடமிருந்து நாமே இன்னொரு தரம் பறிக்கிறோம்.

நம்மைப் பற்றி ஊர் சொல்கிற ஒரு பாராட்டு இருக்கிறது. "அந்தப் பசங்களுக்கு இயற்கையிலேயே ஸ்டாமினா ஜாஸ்தி." "வட சென்னைப் பசங்க ரத்தத்துலயே ஆட்டம் இருக்கு." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்மாட்களே மேடையில் இதைச் சொல்லி விசில் வாங்குகிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருத்தனுக்கு ரத்தத்திலேயே ஆட்டம் இருந்தால் அவனுக்குப் பயிற்சி எதற்கு? பத்து வருசம் எதற்கு? முட்டை எதற்கு? ஷூ எதற்கு? அவன் ஓடுவான், விழுவான், எழுந்து ஓடுவான். யோசிக்கிற வேலையை வேறொருத்தர் பார்த்துக்கொள்வார். பிறப்பிலேயே குணம் இருக்கிறது என்கிற மனுவின் வாதத்தைத்தான் பாராட்டுத் தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள்.

பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்வோம். தீண்டப்படாத சமார் சாதியில் பிறந்த இடது கைப் பந்துவீச்சாளர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் தரையைச் சமப்படுத்துகிற, வலை கட்டுகிற வேலைக்கு இருந்தவர். வெள்ளைக்காரர்கள் மட்டை பிடித்துப் பழக அவர் மணிக்கணக்கில் பந்து வீசினார். அவர் கையில் ஒரு நாளும் மட்டையைக் கொடுக்கவில்லை. வீசுவது உழைப்பு, மட்டை பிடிப்பது அந்தஸ்து. அப்புறம் இந்துக்களின் அணி ஜெயிக்க அவர் தேவைப்பட்டார், சேர்த்துக்கொண்டார்கள்; தேநீரை மட்டும் வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். கேப்டன் பதவியை முறையாக அவருக்குக் கடைசி வரைக்கும் கொடுக்கவில்லை. அவருடைய உடம்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது, அவருடைய தலை வேண்டியிருக்கவில்லை. பத்து வயசுப் பையனை "நீ பெரிசா இருக்க, பின்னாடி நின்னு தூக்கி அடி, யோசிக்காத" என்று நிறுத்துகிற கோச்சும் அதையேதான் செய்கிறார். சின்ன வயசில் ஒரே இடத்தில் நிறுத்தப்பட்ட பிள்ளை மட்டையைத் தொடாத பாலு. எல்லா இடத்திலும் நின்று பார்க்கிற உரிமை பிள்ளைக்கு வேண்டும். கோலியாகவும் நிற்கட்டும், முன்னாலும் ஆடட்டும், ஒரு நாள் கேப்டனாகவும் இருக்கட்டும்.

பாராட்டு ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் கழித்துக்கட்டுவது. பதிமூணு வயசில் தேர்வு என்று கூப்பிடுவார்கள். நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அரை மணி நேர ஆட்டம். யாரை எடுப்பார்கள்? உயரமானவனை, தோள் அகன்றவனை. "நல்லா ஆடுறான், ஆனா பொடியா இருக்கான்" என்று நம் பிள்ளையைத் திருப்பி அனுப்புவார்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகளிலேயே பதிமூணு வயசில் ஒருத்தன் உடம்பு பதினஞ்சு மாதிரி இருக்கும், இன்னொருத்தன் உடம்பு பதினொண்ணு மாதிரி இருக்கும். வருசத்தின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அணிகளில் அதிகமாக இடம் பிடிப்பதை 1985இல் கனடாவின் ஐஸ் ஹாக்கியில் கண்டார்கள். அப்புறம் கால்பந்திலும் அதையே கண்டார்கள். பத்து மாதம் மூத்தவனைத் திறமைசாலி என்று தவறாக எடுத்துவிடுகிறார்கள். எடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சி கிடைக்கிறது, அதனால் அவன் நிஜமாகவே திறமைசாலி ஆகிவிடுகிறான்.

இதோடு பசியையும் சேர்த்துக் கூட்டுங்கள். சரியாகச் சாப்பிடாத பிள்ளையின் உடம்பு தாமதமாக வளரும். பதினாறு, பதினேழு வயசில் எட்டிப்பிடிக்கக்கூடும். ஆனால் தேர்வு பதிமூணு வயசில் முடிந்துவிட்டது. ஆக அந்த வரிசையில் யாருக்குத் திறமை என்று பார்க்கவில்லை. யார் வீட்டில் அடுப்பு எரிந்தது என்றுதான் பார்த்திருக்கிறார்கள். சாதியைக் கேட்காமலே சாதியைத் தேர்ந்தெடுக்கிற முறை இது. இங்கிலாந்தின் பெரிய கிளப்புகள் 2015 முதல், பிறந்த தேதியை விட்டுவிட்டு உடல் முதிர்ச்சியை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஆடவிட்டுப் பார்த்திருக்கின்றன. சின்ன உடம்புக்காரனுக்கு மூளையைக் காட்ட அங்கே இடம் கிடைக்கிறது. மெஸ்ஸி பதிமூணு வயசில் வளர்ச்சிக் குறைபாட்டோடு நின்ற பொடியன்தான். பார்சிலோனா கிளப் அவன் வைத்தியச் செலவை ஏற்றது, வளருகிற வரைக்கும் காத்திருந்தது. நம்ம பொடியனுக்காகக் காத்திருக்க யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 15இல் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கியது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை என்று அதன் எல்லையைப் போட்டார்கள். பிள்ளையின் உடம்பு விருட்டென்று வளர்கிற காலம் ஆறாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. அந்த வயசில் கால் எலும்பு நீண்டு முழங்காலுக்குக் கீழே வலி எடுக்கும். பையன் நொண்டுவான், தடுமாறுவான், நேற்று வரைக்கும் வந்த ஆட்டம் இன்றைக்கு வராது. வளர்ச்சி வலி இது. ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் காலப்போக்கில் போய்விடும். நம் கிரவுண்டில் இதற்குப் பேர் "நடிக்கிறான்". பத்து ரவுண்டு கூடுதலாக ஓடவிடுவதுதான் மருந்து.

வயசுக் கதைக்கு வருவோம். நம்மில் பாதிப் பேருக்கு நிஜமான பிறந்த நாள் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதின தேதிதான் நம் தேதி. இன்றைக்கு விளையாட்டில் வயசு மோசடி என்கிறார்கள். உண்மைதான், நடக்கிறது. பதினாறு வயசுப் பையனைப் பதினாலு என்று சான்றிதழ் வாங்கி இறக்குகிறார்கள். இறக்குகிறவர் கோச், கையெழுத்துப் போடுகிறவர் அதிகாரி, கோப்பை வாங்குகிறவர் நிர்வாகி. மாட்டிக்கொண்டு தடை வாங்குகிறவன் மட்டும் பையன். இடது கையையும் மணிக்கட்டையும் படம் பிடித்து எலும்பு வயதைக் கணக்கிடுகிறார்கள். அது எலும்பின் முதிர்ச்சியைத்தான் காட்டும், பிறந்த தேதியைக் காட்டாது. சீக்கிரம் முதிர்ந்த நேர்மையான பிள்ளையும் அதில் தோற்கலாம். இந்தச் சிக்கலின் வேர் எங்கே இருக்கிறது? பதினாலு வயசில் ஜெயித்தே ஆக வேண்டும் என்கிற வெறியில். அந்த வயசில் கோப்பையே இல்லை என்றால் வயசைத் திருட யாருக்குத் தேவை வரும்?

இடத்தைப் பற்றியும் பேச வேண்டும். பத்து வருசத் திட்டம் என்றால் பத்து வருசம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கூவம் ஓரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம் என்று குடியிருந்தவர்களைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கினார்கள். ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைக்குப் பள்ளி போச்சு, கிரவுண்டு போச்சு, பந்தைக் கற்றுக்கொடுத்த அண்ணன் போனார், கூட ஆடினவன் வேறு பிளாக்குக்குப் போனான். அவன் பத்து வருசம் நாலாவது வருசத்திலேயே முடிந்துவிட்டது. நகரத்தின் இன்னொரு பக்கம் மாதக் கட்டணம் வாங்குகிற அகாடமிகள். அங்கே வயசுக்கு ஏற்ற பந்து, வயசுக்கு ஏற்ற கோல், புல்தரை, உணவு ஆலோசனை எல்லாம் உண்டு. அறிவியல் அங்கே இருக்கிறது, ஆடுகிறவன் இங்கே இருக்கிறான். ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற மதிலுக்கு என்ன பேர் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம்பிக்கை இல்லாமல் இல்லை. வியாசர்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையையும் துறைமுகத்தையும் ரயில்வே பணிமனையையும் சுற்றி வளர்ந்த உழைக்கும் மக்களின் பகுதி. பத்திரிகைகளில் அந்தப் பேர் வந்தால் ரவுடி என்கிற சொல்லும் கூடவே வந்த காலம் உண்டு. அங்கே 1990களின் பிற்பகுதியிலிருந்து பகுதி இளைஞர்களே பிள்ளைகளைச் சேர்த்து முல்லை நகர் மைதானத்தில் பந்தும், சாயங்காலத்தில் பாடமுமாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். வருசக்கணக்காக விடாமல் செய்தார்கள். 2017-18இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி அணியின் நடுக்கள ஆட்டக்காரர் தனபால் கணேஷ் வியாசர்பாடியில் வளர்ந்தவர். ஆனால் அந்த ஒரு பேரைவிட முக்கியமானவர்கள், ஆட்டக்காரராக ஆகாமல் பட்டதாரியாக, கோச்சாக, ரெஃபரியாக, வேலைக்காரராக ஆன பிள்ளைகள். நீண்ட காலப் பயிற்சியின் வெற்றி அவர்களைக் கொண்டுதான் கணக்கிடப்பட வேண்டும். நூறு பேரில் ஒருத்தன் மேலே போகிறான் என்றால், மிச்சம் தொண்ணூத்தொன்பது பேரும் உடைந்துபோகாமல் வளர்ந்தார்களா என்பதுதான் நம் கேள்வி.

"கோப்பையும் ரொக்கமும் இல்லன்னா பசங்க வரமாட்டாங்க" என்கிறார்கள் நம் இளைஞர்கள். தெருவில் எந்தக் கோப்பைக்காக ஆடுகிறார்கள்? கோப்பை நமக்குத்தான் தேவைப்படுகிறது. பேனரில் படம் வர, பகுதிக்குள் பெருமை வர. "விளையாட்டு ஒதுக்கீட்டுல ஒரு வேலை கிடைச்சா போதும், அறிவியல் எல்லாம் எதுக்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதைச் சிரித்துத் தள்ள முடியாது. ரயில்வேயிலும் வங்கியிலும் வாங்கின ஒரு வேலை ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தியதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அம்மா, அந்த வேலைக்கு ஆள் எடுப்பது பதினெட்டு வயசுக்கு மேலேதான். பதினாலு வயசில் முழங்கால் போன பிள்ளைக்கு எந்த ஒதுக்கீடும் உதவாது.

எனவே நம் அமைப்புகளுக்கும் மன்றங்களுக்கும் நாம் வைக்கிற வேண்டுகோள். வருகிற ஏப்ரல் 14இலிருந்தே தொடங்கலாம். அண்ணல் பேரில் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கோப்பைப் போட்டி வேண்டாம், விளையாட்டு விழா வைப்போம். காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிப்போம். ஒரே கிரவுண்டை சுண்ணாம்புக் கோடு போட்டு ஆறாகப் பிரித்தால் நாலுக்கு நாலு என்று நாற்பத்தெட்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடலாம். செங்கல்லோ மூங்கிலோ வைத்துச் சின்ன கோல். சின்னவர்களுக்கு மூன்றாம் எண், எட்டு வயசுக்கு மேல் நான்காம் எண் பந்து. வந்த எல்லாருக்கும் சமமான நேரம். வெளியில் உட்கார வைக்கிற பழக்கமே கூடாது. உட்கார வைக்கப்படுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பையன்களும் பெண் பிள்ளைகளும் ஒரே கிரவுண்டில். தலைமுட்டு வேண்டாம், டை-பிரேக்கர் வேண்டாம். மைக்கில் எந்தப் பிள்ளையையும் கிண்டல் செய்யக் கூடாது. பரிசுப் பணத்தில் எல்லாப் பிள்ளைக்கும் முட்டையும் வாழைப்பழமும். செலவு கோப்பையை விடக் குறைவாகத்தான் ஆகும்.

அரசிடம் கேட்க வேண்டியது: காலை உணவு பத்தாம் வகுப்பு வரை. மாநகராட்சி மைதானங்களில் விளக்கு, தண்ணீர், கழிப்பறை. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும். நம் பகுதிகளில் ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கிற அண்ணன் அக்காக்களுக்கு முறையான பயிற்சியும் சம்பளமும். பதிமூணு வயசுத் தேர்வில் தவறினவர்களுக்குப் பதினஞ்சிலும் பதினேழிலும் மறு வாய்ப்பு. மாற்றிடம் என்கிற பேரில் பிள்ளையின் பள்ளியையும் மைதானத்தையும் பறிக்கிற இடித்துத் தள்ளலுக்கு முடிவு.

அந்தப் பொடியனை அப்புறம் ஒரு நாள் தேடிப் போய்ப் பார்த்தோம். "இப்பல்லாம் ஆடப் போறதில்லண்ணா" என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "நான் குள்ளம்ணா" என்றான். பத்து வயசில் குள்ளமாகத்தான் இருக்க முடியும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அன்றைக்குப் பந்து அவன் தலைக்கு மேலே போனபோது கை தட்டியவர்களில் நாமும் இருந்தோம். அடுத்த ஏப்ரலில் அவனுக்குப் பதினொரு வயசு. கூப்பிட வேண்டியது நம் பொறுப்பு.